இரண்டாம் பாகம் வாங்கலாமா?

சாணக்யபுரி தமிழ்நாடு இல்லத்தில் ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட வரும் நம்மவர் குடும்பங்களைக் கவனித்திருப்பீர்கள். தட்டு வந்து சாம்பார் வருவதற்குள் பையன் அப்பாவின் போனை வாங்கி ஒரு ஓவர் கிரிக்கெட் ஆடி முடித்துவிடுகிறான். அதைக் கண்டிப்பதா, விட்டுவிடுவதா என்பது அவரவர் வீட்டு விவகாரம். இந்தக் கட்டுரை அதைப் பற்றியதல்ல. பல வீடுகளில் அடுத்து வரும் கேள்வி ஒன்று உண்டு. "இதோட புதுப் பாகம் வந்திருக்கு, வாங்கித் தாங்கப்பா" என்பது அது. பழையதே நன்றாகத்தானே ஓடுகிறது, புதியது எதற்கு? எத்தனையோ கம்ப்யூட்டர் விளையாட்டுகள் வருகின்றன, சில மட்டும் ஏன் இப்படி விற்கின்றன? அவற்றின் அடுத்த பாகத்தில் என்ன இருந்தால் நாம் காசை அவிழ்க்கலாம்? இதைக் கொஞ்சம் விளக்கமாகப் பார்ப்போம்.

முதலில் ஒரு தப்பபிப்பிராயத்தை விலக்கிவிடலாம். படங்கள் தத்ரூபமாக இருப்பதால்தான் ஒரு விளையாட்டு விற்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். விளம்பரங்களும் அப்படித்தான் சொல்கின்றன. தொண்ணூறுகளில் பாலிகா பஜாரிலிருந்து டி.வி. கேம் வாங்கி வந்தவர்களுக்கு சூப்பர் மாரியோ நினைவிருக்கும். அந்த மீசைக்காரர் ஆரம்பத்தில் வெறும் பதினாறு புள்ளி உயரம்தான். மூக்கு எது, மீசை எது என்று ஊகித்துக்கொள்ள வேண்டும். ஜப்பானின் நின்டெண்டோ கம்பெனி 1985-இல் வெளியிட்ட அந்த விளையாட்டு 4 கோடிப் பிரதிகளுக்கு மேல் போயிற்று. விளையாடும் கருவியோடு சேர்த்தே கொடுத்தது ஒரு காரணம். ஆனால் அதைவிடப் பெரிய காரணம் அதன் முதல் ஒரு நிமிடம். திரையில் ஒரு வரி எழுத்துக் கிடையாது. நீங்கள் இடது பக்கம் நிற்கிறீர்கள், வலது பக்கம் காலியாக இருக்கிறது, எனவே நடக்கிறீர்கள். காளான் மாதிரி ஒன்று எதிரே வருகிறது. சும்மா நின்றால் செத்தீர்கள், குதித்தால் பிழைத்தீர்கள். அவ்வளவுதான், பாடம் முடிந்தது. எழுதப் படிக்கத் தெரியாத நான்கு வயதுக் குழந்தையும், கண்ணாடி போட்ட தாத்தாவும் ஒரே நிமிடத்தில் கற்றுக்கொள்வார்கள். கற்றுக்கொண்டதை வைத்துக் கடைசிவரை போக மாதக்கணக்கில் ஆகும். நுழைவது சுலபம், தீர்ப்பது கஷ்டம். நீண்ட நாள் விற்கும் விளையாட்டுகள் அநேகமாக எல்லாவற்றிலும் இதைப் பார்க்கலாம்.

அதே மாரியோவின் இரண்டாம் பாகத்துக்கு நேர்ந்ததும் கேட்கத் தகுந்த கதை. 1986-இல் ஜப்பானில் வந்த இரண்டாம் பாகம் முதல் பாகத்தின் அச்சாகவே இருந்தது, கஷ்டத்தை மட்டும் கூட்டியிருந்தார்கள். முதல் பாகத்தைக் கரைத்துக் குடித்தவர்களே திணறினார்கள். இதைக் கொண்டுபோனால் விலை போகாது என்று நின்டெண்டோவின் அமெரிக்கக் கிளை ஒதுக்கிவிட்டது. அதற்குப் பதிலாக, வேறு பெயரில் ஜப்பானில் வந்திருந்த வேறொரு விளையாட்டை எடுத்து, அதிலிருந்த ஆட்களை மாற்றி மாரியோவை நுழைத்து, 1988-இல் இரண்டாம் பாகம் என்று விற்றார்கள். அது நன்றாகவே விற்றது, ஆனால் மாரியோவாக இல்லை. எதிரியின் தலையில் குதித்தால் எதிரி சாகவில்லை! அதே 1988-இல் ஜப்பானில் வந்த மூன்றாம் பாகத்தில்தான் விஷயம் கைகூடியது. ஓட்டமும் குதியும் பழையபடி. கூடவே பறப்பதற்கு ஒரு வால், எந்த வழியில் போவது என்று நீங்களே தீர்மானிக்க ஒரு வரைபடம். ஒரு முறை வெறும் கஷ்டத்தைக் கூட்டினார்கள், ஒரு முறை எல்லாவற்றையும் மாற்றினார்கள், மூன்றாம் முறை கைக்குப் பழகியதை விட்டுவிட்டு மூளைக்குப் புதிதாக ஒன்று கொடுத்தார்கள்.

இதை மேல்நாட்டுக்காரர்கள் நமக்குக் கற்றுத்தர வேண்டியதில்லை. உலகிலேயே வெற்றிகரமான இரண்டாம் பாகம் நம் சதுரங்கத்துக்கு வந்ததுதான். நம் நாட்டிலிருந்து பாரசீகம், அரபு தேசங்கள் வழியாக ஐரோப்பா போன ஆட்டத்தில் மந்திரி மூலைவாட்டில் ஒரு கட்டம்தான் நகர்வார். பதினைந்தாம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்பெயின், இத்தாலிப் பக்கம் அந்த மந்திரியை ராணியாக்கி, நேராகவும் மூலைவாட்டிலும் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகலாம் என்றார்கள். இன்று பிஷப் என்கிற காய்க்கும் ஓட்டம் நீண்டது. அதே 64 கட்டம், அதே 32 காய். மாறியவை முக்கியமாக இரண்டு காய்களின் நடை. மந்தமாக நகர்ந்த ஆட்டம் பத்து நகர்த்தலில் உயிர் போகிற ஆட்டமாயிற்று. பழைய ஆட்டம் தெரிந்தவர் ஒரு மாலையில் புதியதைக் கற்றுக்கொண்டிருப்பார். ஐந்நூறு வருஷம் கழித்து 2024 டிசம்பரில் சென்னைப் பையன் குகேஷ் 18 வயதில் உலக சாம்பியனானது இந்த இரண்டாம் பாகத்தில்தான்.

இனி நம் வீட்டுப் பிள்ளைகளின் கிரிக்கெட்டுக்கு வருவோம். 2006 நவம்பரில் ஈ.ஏ. ஸ்போர்ட்ஸ் நிறுவனம் 'கிரிக்கெட் 07' என்ற விளையாட்டை வெளியிட்டது. எழுதியவர்கள் கனடாவின் ஹெச்.பி. ஸ்டூடியோஸ், கிரிக்கெட் அதிகம் ஆடாத ஊரிலிருந்து வந்தது என்பது வேடிக்கை. ரிச்சி பெனோ வர்ணனை. இந்தியாவில் அது பிடித்த பிடி சாதாரணமானதல்ல. காரணங்களைத் தேட வேண்டியதே இல்லை. விதிகள் ஆடுபவன் தலையில் ஏற்கெனவே இருக்கின்றன, எல்.பி.டபிள்யூ. என்றால் என்ன என்று நம் பையன்களுக்கு யாரும் விளக்க வேண்டாம். அப்பா ஆபீஸ் வேலைக்கென்று வாங்கிய சாதாரணக் கம்ப்யூட்டரிலேயே ஓடியது, தனியாக விலையுயர்ந்த அட்டை எதுவும் செருக வேண்டியதில்லை. ஐந்து ஓவர் மாட்ச் அரை மணியில் முடிந்துவிடும். ஒரே கம்ப்யூட்டர் முன் அண்ணனும் தம்பியும் நெருக்கி உட்கார்ந்து ஆடலாம், சண்டையும் போடலாம். படம் எவ்வளவு அழகு என்பது இந்த வரிசையில் நாலாவதாகவோ ஐந்தாவதாகவோதான் வரும்.

ஆனால் பாருங்கள், 'கிரிக்கெட் 07'க்குப் பிறகு அந்த நிறுவனம் அடுத்த பாகமே போடவில்லை. 2007 செப்டம்பரில் முதல் இருபது ஓவர் உலகக் கோப்பையை இந்தியா வென்றது. 2008 ஏப்ரலில் ஐ.பி.எல். ஆரம்பமானது. திருவிழா தொடங்குவதற்குச் சற்று முன்பாகக் கடையைக் கட்டிக்கொண்டு போன கதை. அமெரிக்க அரசு வெளியிடும் நகல் சந்தைகளின் பட்டியலில் நம் நேரு பிளேஸும் பாலிகா பஜாரும் இடம்பெற்றிருப்பதை நினைத்தால், லட்சக்கணக்கில் ஆடுகிறவர்கள் இருந்தும் கணக்குப் புத்தகத்தில் இந்தியா சின்னச் சந்தையாகவே தெரிந்திருக்கும் என்பது என் ஊகம்.

கம்பெனி போடாத இரண்டாம் பாகத்தை ரசிகர்களே போட்டார்கள். அசல் விளையாட்டில் ஆஸ்திரேலியா, இங்கிலாந்து போன்ற அணிகளுக்குத்தான் முறையான உரிமம். நம் ஆட்டக்காரர்களின் பெயர்களை எழுத்து மாற்றித் திரித்துப் போட்டிருந்தார்கள். ரசிகர்கள் முதலில் அதைச் சரி செய்தார்கள். பிறகு ஐ.பி.எல். அணிகள், அந்தந்த வருஷத்துச் சட்டைகள், மைதானங்கள், மட்டையில் ஒட்டும் ஸ்டிக்கர் வரை சேர்த்தார்கள். பத்து வருஷத்துக்குப் பிறகும் புது ஆட்டக்காரர்கள் அந்தப் பழைய விளையாட்டில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். சம்பளமில்லாத வேலை! இவர்கள் எதை மாற்றினார்கள் என்பதைப் போலவே, எதைத் தொடவில்லை என்பதும் முக்கியம். மட்டை வீசும் முறையை அவர்கள் மாற்றவில்லை. விரல்களுக்குப் பழகிப்போன விஷயம் அது, அதில் கை வைத்தால் ஆடுகிறவன் எழுந்து போய்விடுவான்.

அவர்களால் சரிசெய்ய முடியாத குறையும் ஒன்று இருந்தது. ஓரிரு ஷாட்டைக் கண்டுபிடித்து வைத்துக்கொண்டால் எந்தப் பந்தையும் எல்லைக்கு அனுப்பலாம். எதிரே பந்து போடும் கம்ப்யூட்டர் இதைக் கவனிக்காது, பீல்டரை மாற்றாது. தெருவில் நாம் ஆடும்போது ஒருவன் தொடர்ந்து ஒரே பக்கம் அடித்தால் மூன்றாவது பந்துக்கே அங்கு ஆள் நிறுத்திவிடுவோம் இல்லையா? கிரிக்கெட் விளையாட்டு எதற்கும் அடுத்த பாகம் எழுதுகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: வியர்வைத் துளி மின்னுவது அப்புறம் இருக்கட்டும், என்னைக் கவனித்துத் தன் ஆட்டத்தை மாற்றிக்கொள்ளும் எதிரியைக் கொடுங்கள்.

விட்டுப்போன இடத்தை ஓரளவு நிரப்பியவர்கள் நம் ஊர்க்காரர்கள் என்பதில் நமக்குச் சற்றுப் பெருமை இருக்கலாம். சென்னையின் நெக்ஸ்ட்வேவ் மல்டிமீடியா நிறுவனம் 'வேர்ல்ட் கிரிக்கெட் சாம்பியன்ஷிப்' என்ற விளையாட்டைக் கைப்பேசிக்கென்றே எழுதியது. இரண்டாம் பாகம் 2015-இல், மூன்றாம் பாகம் 2020-இல். இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், சாதாரண போனில் ஓடும். 'கிரிக்கெட் 07' விற்ற அதே காரணங்கள், கம்ப்யூட்டருக்குப் பதில் போன். மூன்றாம் பாகத்தில் ஓர் ஆட்டக்காரரைச் சிறிய போட்டிகளிலிருந்து படிப்படியாக மேலே கொண்டுபோகும் ஏற்பாடும், பெண்கள் கிரிக்கெட்டும், இந்திய மொழிகளில் வர்ணனையும் சேர்த்தார்கள். இவை கேட்டுப் பெற வேண்டிய மாற்றங்கள்தான். இன்னொரு நல்ல காரியமும் செய்தார்கள்: மூன்றாவது வந்ததும் இரண்டாவதைக் கடையிலிருந்து எடுத்துவிடவில்லை. பழைய போன் வைத்திருப்பவன் பழையதையே ஆடலாம். வருஷா வருஷம் சட்டையை மட்டும் மாற்றி முழு விலை கேட்கும் மேல்நாட்டுப் பந்தயக் கம்பெனிகள் இதைக் கற்றுக்கொள்ளலாம்.

கிரிக்கெட்டை விட்டால் நம் வீட்டுப் பெரிய பையன்களைப் பிடித்து வைத்திருப்பது 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்'. ஊரை நிர்மாணித்து, விறகு வெட்டி, வயல் உழுது, படை திரட்டி அண்டை அரசனோடு மோதும் விளையாட்டு. இதன் இரண்டாம் பாகம் 1999-இல் வந்தது. 2005-இல் மூன்றாம் பாகம் வந்தது. படங்கள் பிரமாதம், கதை அமெரிக்கக் கண்டத்துக்குப் போயிற்று, தாய்நாட்டிலிருந்து கப்பலில் உதவி வரவழைக்கும் சீட்டுகள் என்று முறையும் மாறிற்று. விற்கவில்லை என்று சொல்ல முடியாது. ஆனாலும் பெரும் கூட்டம் திரும்பி இரண்டாம் பாகத்துக்கே போய்விட்டது. இங்கேயும் ரசிகர்கள் தாங்களாகவே புது நாடுகளைச் சேர்த்து ஒரு தொகுப்புச் செய்தார்கள். வித்தியாசம் என்னவென்றால், உரிமை வைத்திருந்த மைக்ரோசாஃப்ட் அவர்களை விரட்டவில்லை. அந்தத் தொகுப்பையே மெருகேற்றி 2013-இல் அதிகாரபூர்வமாக விற்றது. 2019-இல் முழு விளையாட்டையும் புதுப்பித்தார்கள். இருபது வருஷத்துக்கு முன் கற்றுக்கொண்ட விரல் பழக்கம் அப்படியே செல்லுபடியாயிற்று.

இதில் நமக்கு ஒரு தனி அக்கறை உண்டு. 2013-இல் வந்த தொகுப்பில் 'இந்தியர்' என்று ஒரே இனம். எல்லாரும் ஒட்டகத்தில் ஏறி இந்தி பேசினார்கள். விந்திய மலைக்குத் தெற்கே இருந்து யார் வந்தாலும் 'மதராசி' என்று கூப்பிடும் தில்லியில் வாழும் நமக்கு இது ஒன்றும் புதிதல்ல! 2022 ஏப்ரலில் வந்த சேர்க்கையில்தான் இந்தியரைப் பிரித்து ஹிந்துஸ்தானியர், வங்காளியர், கூர்ஜரர், திராவிடர் என்று நான்காக்கினார்கள். திராவிடருக்குக் குதிரைப்படை பலவீனம், கடற்படை பலம். மீன்பிடிக்கிறவர்கள் அதிகம் சுமப்பார்கள். சுருள்வாள் வீரர்கள் உண்டு, பெரிய போர்க்கப்பல் உண்டு, ஐரோப்பியர் வாயில் 'வூட்ஸ்' ஆகிவிட்ட நம் உருக்கும் உண்டு. ராஜேந்திர சோழனின் படையெடுப்புகளைத் தனிக் கதையாக ஆடலாம். ஆட்களைச் சொடுக்கினால் தமிழில் பதில் சொல்கிறார்கள். ஆடும் முறை ஒரு துளியும் மாறவில்லை. ஆனால் எந்தப் படையை எப்படி நடத்துவது என்று புதிதாக யோசிக்க வேண்டியிருக்கிறது. அடுத்த பாகம் என்பது இப்படி இருக்க வேண்டும் என்று காட்டச் சொன்னால் நான் இதைத்தான் காட்டுவேன். ஆர்.கே. புரத்திலோ மோதி பாகிலோ பிறந்து, தமிழைப் பாட்டி வீட்டு மொழியாக மட்டும் அறிந்த பையன், வகுப்பு நண்பர்களும் ஆடும் விளையாட்டில் அதைக் கேட்பது சின்ன விஷயமல்ல.

2021-இல் வந்த நான்காம் பாகத்தில் தில்லி சுல்தானியர் இருக்கிறார்கள். அவர்களுக்கு மட்டும் எந்த ஆராய்ச்சிக்கும் காசு கிடையாது, ஆனால் நடந்து முடிய ரொம்ப நேரம் பிடிக்கும். அறிஞர்களை உள்ளே அமர்த்தினால்தான் வேகம் கூடும். எழுதியவர்கள் நம்மூர் சர்க்கார் ஆபீஸில் ஃபைல் நகர்வதைப் பார்த்திருப்பார்களோ என்று சந்தேகம்.

இதுவரை சொன்னது வாங்கி ஆடும் விளையாட்டுகள். இப்போது பெரும் பணம் புரள்வது இலவசமாக வருகிறவற்றில். 'பப்ஜி' கைப்பேசி விளையாட்டு பரவியதற்குக் காரணமும் படமல்ல. காசில்லை, போன் போதும், நான்கு நண்பர்கள் பேசிக்கொண்டே ஒரே அணியாக ஆடலாம். ஆர்.கே. புரத்துப் பையன் கோயம்புத்தூர் மாமா பையனோடு தினமும் பேசுவது அதில்தான் என்கிற வீடுகளும் உண்டு. 2020 செப்டம்பரில் மத்திய அரசு அதைத் தடை செய்தது. 2021 ஜூலையில் 'பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா' என்ற பெயரில் மறு அவதாரம் எடுத்தது. ரத்தம் பச்சை நிறமாயிற்று. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு நாளைக்கு மூன்று மணி நேரம், செலவுக்கு நாளைக்கு 7,000 ரூபாய் என்று வரம்பு வைத்தார்கள். ஒரு நாளைக்கு ஏழாயிரம்! வரம்பே இதுவென்றால் இலவசம் என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று யோசியுங்கள்.

நம் காலனிக்குப் பெயர் கொடுத்த சாணக்யருக்கு இது புரிந்திருக்கும். அர்த்தசாஸ்திரத்தில் சூதாட்டத்தை மேற்பார்வையிட ஓர் அதிகாரி உண்டு. ஆட்டம் ஓரிடத்தில்தான் நடக்க வேண்டும், பகடைகளை அவரே வாடகைக்குக் கொடுப்பார், ஜெயித்த பணத்தில் நூற்றுக்கு ஐந்து அவருக்கு. யார் ஜெயித்தாலும் பகடை கொடுத்தவருக்கு நஷ்டமில்லை. பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் ஆன்லைன் ஆட்டங்களை, திறமையானாலும் அதிர்ஷ்டமானாலும், தடை செய்யும் சட்டம் 2025 ஆகஸ்டில் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. ஆனால் விளையாட்டுக்குள்ளே துப்பாக்கிக்கு வர்ணமும் ஆளுக்குச் சட்டையும் விற்பது வேறு கணக்கு. அதற்குக் காவல் பெற்றோர்தான். பிள்ளைகள் கையில் போனைக் கொடுக்குமுன் கடைச் செயலியின் அமைப்பில் ஒவ்வொரு வாங்குதலுக்கும் கடவுச்சொல் கேட்கும்படி வைத்துவிடுங்கள், ஐந்து நிமிட வேலை.

வாங்குகிற விளையாட்டென்றால் பையனையே விசாரிக்கலாம். "பழையதில் இல்லாத எது இதில் இருக்கு?" என்று கேட்டு, படம் நன்றாயிருக்கிறது என்பதைத் தாண்டி அவன் ஏதாவது சொல்கிறானா பாருங்கள். நம் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஓடுமா என்பதை முதலில் பார்ப்பது உசிதம்; ஆயிரம் ரூபாய் விளையாட்டுக்காக முப்பதாயிரத்துக்கு அட்டை வாங்கிய வீடுகள் எனக்குத் தெரியும். வயதுக் குறியீட்டையும் கவனியுங்கள். 2002-இல் வந்த 'வைஸ் சிட்டி'யை நம் குடியிருப்புகளில் பத்து வயதுப் பிள்ளைகள் கார் ஓட்டும் விளையாட்டு என்று சொல்லி ஆடினார்கள். அது பெரியவர்களுக்கென்று முத்திரை குத்தி விற்கப்பட்ட விளையாட்டு. கூட உட்கார்ந்து பத்து நிமிடம் பார்த்திருந்தால் ஏன் என்று தெரிந்திருக்கும். புதுப் பாகத்தின் விலை மூன்று நான்கு மாதம் பொறுத்தால் பெரும்பாலும் இறங்கும் என்பதும் ஞாபகத்தில் இருக்கட்டும்.

அடுத்த பாகமே வேண்டாத விளையாட்டுகளும் உண்டு. டொரான்டோவில் ஒரு சிறு குழு எழுதி 2023 ஜூலையில் வெளிவந்த 'வெண்பா' அப்படி ஒன்று. 1988-இல் கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்த் தம்பதி, அவர்கள் மகன் கவின், அம்மாவிடமிருந்து வந்த கிழிந்துபோன சமையல் குறிப்புப் புத்தகம். அழிந்துபோன வரிகளை ஊகித்துச் சமைப்பதுதான் ஆட்டம். வளரும் பிள்ளை வீட்டு மொழியையும் வீட்டுச் சாப்பாட்டையும் விட்டு விலகிப்போவதும் அதற்குள்ளேயே நடக்கிறது. தனியார் சிறு விளையாட்டுகளுக்கான சர்வதேசப் போட்டியில் 2024-இல் முதல் பரிசு பெற்றது. கதை முடிந்துவிட்டது, இழுத்தால் நீர்த்துவிடும்; அந்தக் குழு வேறு கதை சொல்லட்டும். ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிடலாம், வீட்டுக் கம்ப்யூட்டர் தாராளமாகத் தாங்கும். பிள்ளைகளோடு உட்காரும் அன்றைக்கு மாவு தயாராக இருப்பது உத்தமம், முதல் அத்தியாயமே இட்லி.